முயலும் மிக்சோமா தீநுண்மியும்: ஒட்டுண்ணி – ஓம்புயிரி கூட்டுப்பரிணாம ஆய்வின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

ஒட்டுண்ணியும் அதற்கு இடமளிக்கும் ஓம்புயிரியும் ஒன்றையொன்று மாற்றிக்கொண்டே வருகின்றன என்பது உயிரியலின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று. ஆயினும் அம்மாற்றம் நிகழும்போதே அதனை அளந்தறியும் வாய்ப்பு மிக அரிது. ஆஸ்திரேலியாவில் 1950ஆம் ஆண்டு முயல்களை ஒழிக்கும்பொருட்டுப் பரப்பப்பட்ட மிக்சோமா தீநுண்மி அத்தகைய வாய்ப்பை அளித்தது. அந்நிகழ்வின் பின்னணி, ஃபிராங்க் ஃபென்னர் குழுவினர் கையாண்ட அளவீட்டு முறை, அதனால் வெளிப்பட்ட உண்மைகள், பின்னாளைய மரபணு ஆய்வுகள் அவற்றுக்குச் சேர்த்த விளக்கம் ஆகியவற்றை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கின்றது. ஒட்டுண்ணி காலப்போக்கில் தீங்கற்றதாகிவிடும் என்னும் பழைய கோட்பாட்டுக்குச் சான்றாகக் காட்டப்பட்ட இந்நிகழ்வே அக்கோட்பாட்டை மறுக்கும் சான்றாகவும் அமைந்தது என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: ஒட்டுண்ணி, ஓம்புயிரி, கூட்டுப்பரிணாமம், மிக்சோமா தீநுண்மி, வீரியம், எதிர்ப்புத்திறன், ஃபிராங்க் ஃபென்னர்.

முன்னுரை

ஓர் உயிரி மற்றோர் உயிரியின் உடலைச் சார்ந்து, அதற்குக் கேடு விளைவித்து வாழும்போது அதனை ஒட்டுண்ணி என்பர். புழுக்கள், உண்ணிகள் ஆகியவற்றோடு, நோய் விளைவிக்கும் நுண்ணுயிர்களும் வைரசு எனப்படும் தீநுண்மிகளும் இப்பரந்த பொருளில் ஒட்டுண்ணிகளே. ஒட்டுண்ணியை எதிர்த்து நிற்கும் ஓம்புயிரிகள் பிழைத்து இனம் பெருக்குகின்றன. அவ்வெதிர்ப்பைக் கடக்க வல்ல ஒட்டுண்ணிகள் அடுத்த உடலுக்குப் பரவுகின்றன. இவ்விருதிசை மாற்றமே கூட்டுப்பரிணாமம் ஆகும்.

கருத்தளவில் எளிதாகத் தோன்றும் இதனை மெய்ப்பிப்பது எளிதன்று. ஒரு நோயின் கடுமை குறைந்துவிட்டது எனக் கண்டால், மாறியது நோய்க்கிருமியா, நோயுற்ற உயிரினமா, இரண்டுமா என்னும் வினா எழுகின்றது. களத்தில் காணப்படுவது இரண்டும் சேர்ந்து விளைவித்த பயன் மட்டுமே. அதனை இரு கூறாகப் பிரித்தறியும் வழி வகுக்கப்படும்வரை கூட்டுப்பரிணாமம் பெரிதும் ஊகமாகவே இருந்தது. அவ்வழியை வகுத்ததே மிக்சோமா ஆய்வின் தனிச்சிறப்பு.

தீங்கின்மை நோக்கிய வளர்ச்சி: பழைய கோட்பாடு

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒட்டுண்ணியியலில் ஒரு கருத்து மேலோங்கியிருந்தது. தனக்கு உறைவிடமான உயிரியைக் கொல்லும் ஒட்டுண்ணி தன் வாழ்வையும் அழித்துக்கொள்கின்றது. ஆதலின் கொடிய நோய் என்பது புதிய உறவின் அடையாளம். உறவு பழகப் பழக இரண்டும் இணக்கமடையும் என்பதே அது. அமெரிக்க நுண்ணுயிரியலாளர் தியோபால்டு ஸ்மித் 1934இல் வெளியிட்ட நூலிலும், ஹான்ஸ் சின்சர் 1935இல் வெளியிட்ட நூலிலும் இச்சிந்தனை இடம்பெற்றுள்ளது.

இக்கோட்பாட்டில் ஒரு தருக்கக் குறை உண்டு. இயற்கைத் தேர்வு ஓர் இனத்தின் எதிர்கால நலனைக் கருதிச் செயற்படுவதில்லை. மிகுதியான வழித்தோன்றல்களை விட்டுச்செல்லும் வகையே பெருகுகின்றது. ஒரு ஒட்டுண்ணி வகை தன் ஓம்புயிரியை விரைவில் கொன்றாலும், அதற்குள் பிற வகைகளைவிட மிகுதியாகப் பரவிவிடுமாயின், அதுவே நிலைபெறும். ஆயினும் தருக்கத்தால் மட்டும் ஒரு கோட்பாடு வீழ்வதில்லை. அதற்கு அளவீட்டுச் சான்று வேண்டியிருந்தது.

ஆஸ்திரேலியாவில் முயலின் பெருக்கம்

ஆஸ்திரேலியா ஐரோப்பிய முயலின் தாயகமன்று. 1788இல் முதற் குடியேற்றக் கப்பல்களோடு வளர்ப்பு முயல்கள் சில வந்தன. எனினும் அவை பெரும் பரவலுக்குக் காரணமாகவில்லை. விக்டோரியாவில் பார்வன் பார்க் என்னும் பண்ணையின் உரிமையாளரான தாமஸ் ஆஸ்டின், வேட்டைக்காக இங்கிலாந்திலிருந்து 1859இல் வரவழைத்த முயல்களே பெரும்பரவலுக்கு மூலமாயின. இதனை 2022இல் வெளிவந்த மரபணு ஆய்வும் உறுதிசெய்துள்ளது.

அடுத்த சில பத்தாண்டுகளில் முயல்கள் கண்டத்தின் தென்பகுதி முழுவதும் பரவின. மேய்ச்சல் நிலம் அழிந்தது, இளஞ்செடிகள் தழைக்கவில்லை, மண் அரிப்பு மிகுந்தது. நியூ சவுத் வேல்ஸ் அரசு 1887இல் முயலை ஒழிக்கும் வழி காண்போருக்கு 25,000 பவுண்டு பரிசு அறிவித்தது. லூயி பாஸ்டர் கோழிக் காலராக் கிருமியைப் பயன்படுத்தலாம் எனக் கருதித் தம் குழுவினரை 1888இல் சிட்னிக்கு அனுப்பினார். அக்கிருமி அதனை உட்கொண்ட முயலைக் கொன்றது. ஆனால் ஒரு முயலிலிருந்து மற்றொன்றுக்குப் போதிய அளவு பரவவில்லை. கொல்லும் ஆற்றலும் பரவும் ஆற்றலும் வெவ்வேறானவை என்பதை இத்தோல்வி முன்னறிவித்தது எனலாம். மேற்கு ஆஸ்திரேலியாவில் 1901 முதல் 1907 வரை 1,800 கிலோமீட்டருக்கும் மேலான நீளத்தில் எழுப்பப்பட்ட வேலியும் முயலைத் தடுக்கவில்லை.

தென்னமெரிக்க மூலம்

இதே காலத்தில் உருகுவேயின் மாண்டிவிடியோ நகரில் ஜுசெப்பே சனரெல்லி தம் ஆய்வகத்து முயல்கள் இனம் தெரியாத நோயால் மடிவதை 1896இல் கண்டார். கண்ணிமைகள் வீங்கி, தலையிலும் உடலிலும் கட்டிகள் தோன்றி, பெரும்பாலும் இரு வாரங்களுக்குள் அவை இறந்தன. 1898இல் அவர் இந்நோயை விவரித்து, அதற்கு மிக்சோமா என்னும் சொல்லை ஒட்டிப் பெயரிட்டார்.

பிரேசில் நாட்டு ஆய்வாளர் ஹென்ரிக் அராகாவ், ஆஸ்திரேலிய முயல்களை ஒழிக்க இத்தீநுண்மியைப் பயன்படுத்தலாம் என 1919 அளவிலேயே பரிந்துரைத்தார், அது ஏற்கப்படவில்லை. இவரே 1940களின் தொடக்கத்தில் மற்றொரு முக்கிய உண்மையையும் வெளிப்படுத்தினார். சில்விலேகஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த தென்னமெரிக்கக் காட்டுமுயலே இத்தீநுண்மியின் இயல்பான ஓம்புயிரி என்பதே அது. அம்முயலில் இது தோலில் ஒரு சிறு கட்டியை மட்டுமே உண்டாக்குகின்றது. கொசு அக்கட்டியில் வாயுறுப்பைச் செலுத்தும்போது ஒட்டிக்கொள்ளும் தீநுண்மி, அடுத்த முயலைக் கடிக்கும்போது அதன் தோலுக்குள் செல்கின்றது. கொசுவின் உடலில் இது பெருகுவதில்லை. கொசு இங்கு மாசுற்ற ஊசி போன்றே செயற்படுகின்றது.

ஒரே தீநுண்மி ஓர் இனத்தில் சிறு கட்டியாகவும் மற்றோர் இனத்தில் பெருங்கொலையாகவும் வெளிப்படுதல் பழைய கோட்பாட்டிற்கு வலுவூட்டுவதாகவே தோன்றியது. பழகிய உறவில் இணக்கமும் புதிய உறவில் அழிவும் விளைகின்றன என அதற்கு விளக்கம் கூற முடிந்தது.

1950: பரவலும் அச்சமும்

மெல்போர்ன் மருத்துவரான ஜீன் மெக்னமாரா 1930களில் இத்தீநுண்மியைச் சோதிக்குமாறு தொடர்ந்து வற்புறுத்தினார். அக்காலத்தில் நடந்த களச்சோதனைகள் நம்பிக்கை அளிக்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் முயல்கள் மீண்டும் பெருகவே, பிரான்சிஸ் ராட்கிளிஃப் தலைமையிலான அரசு ஆய்வுக் குழு 1950இல் முர்ரே ஆற்றுப் பள்ளத்தாக்கில் நோயுற்ற முயல்களை விடுவித்தது. பல மாதங்கள் நோய் பரவாமல் அடங்கியது போலத் தோன்றியது. ஆனால் அவ்வாண்டு டிசம்பரில், மழையால் கொசுக்கள் பெருகிய ஆற்றங்கரைகளில், அது திடீரெனப் பற்றிப் பரவியது. சில மாதங்களில் தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் பெரும்பரப்பில் முயல்கள் மடிந்தன.

அதே கோடையில் முர்ரே பள்ளத்தாக்கில் மனிதரிடையே மூளையழற்சி நோய் தோன்றியது. முயல் நோயே மனிதரையும் தாக்கிற்று என்னும் அச்சம் எழுந்தது. இரண்டும் வெவ்வேறு தீநுண்மிகளால் விளைந்தவை. இதனை மக்களுக்கு உணர்த்தும்பொருட்டு ஃபிராங்க் ஃபென்னர், மெக்ஃபார்லேன் பர்னெட், இயன் குளூனிஸ் ராஸ் ஆகிய மூவரும் மிக்சோமா தீநுண்மியைத் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டனர். அவர்களுக்கு எத்தீங்கும் நேரவில்லை. இச்செய்தி 1951இல் நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது.

இரு அளவுகோல்கள்

நுண்ணுயிரியல் பேராசிரியரான ஃபென்னர், இந்நிகழ்வு முயல் ஒழிப்புக்கு அப்பாற்பட்டதொரு பரிணாமச் சோதனை என்பதை உணர்ந்தார். தொடங்கிய காலம் தெரிந்திருந்தது. பரப்பப்பட்ட மூலவகைத் தீநுண்மி ஆய்வகத்தில் பாதுகாக்கப்பட்டிருந்தது. அந்நோயை முன்பு சந்தித்திராத ஆய்வக முயல்களும் கிடைத்தன. கொள்ளைநோய்களின் வரலாற்றில் இம்மூன்றும் ஒருசேர அமைவது அரிது.

இவற்றைக்கொண்டு இரு அளவுகோல்கள் உருவாக்கப்பட்டன. முதலாவது, தீநுண்மியை அளப்பது. களத்திலிருந்து ஆண்டுதோறும் திரட்டிய தீநுண்மி வகைகளை மாறாத ஆய்வக முயல்களில் செலுத்தி, எத்தனை முயல்கள் எத்தனை நாளில் இறக்கின்றன எனக் கணக்கிட்டனர். முயல் ஒரே வகையாதலின் வேறுபாடு எதுவாயினும் அது தீநுண்மியின் மாற்றமே. இரண்டாவது, முயலை அளப்பது. ஒவ்வொரு நோய்ப்பரவலுக்கும் முன்னர்ப் பிறந்து, நோயைச் சந்தித்திராத இளங்காட்டு முயல்களைப் பிடித்து, அவற்றில் ஒரே வகைத் தீநுண்மியைச் செலுத்தினர். இங்குத் தீநுண்மி மாறாதது. எனவே வேறுபாடு முயலின் மரபுவழி எதிர்ப்புத்திறனையே காட்டும். ஒன்றை நிறுத்தி மற்றொன்றை அளக்கும் இவ்வெளிய முறையே கூட்டுப்பரிணாமத்தை ஊகத்திலிருந்து அளவீட்டுக்குக் கொணர்ந்தது.

வீரியம் குறைந்து நின்ற இடம்

தீநுண்மி வகைகள் வீரிய அடிப்படையில் ஐந்து தரங்களாகப் பகுக்கப்பட்டன. நூற்றுக்கு 99க்கு மேற்பட்ட முயல்களைக் கொல்வது முதல் தரம். இதில் முயல் சராசரியாக 13 நாள்களுக்கு மேல் வாழ்வதில்லை. 95 முதல் 99 வரை கொல்வது இரண்டாம் தரம். 70 முதல் 95 வரை கொல்வது மூன்றாம் தரம். இதில் இறக்கும் முயல்கள் 17 முதல் 28 நாள்கள் வரை உயிர்வாழ்கின்றன. 50 முதல் 70 வரை கொல்வது நான்காம் தரம். 50க்கும் குறைவாகக் கொல்வது ஐந்தாம் தரம்.

1950இல் பரப்பப்பட்டது முதல் தரம். நியூ சவுத் வேல்ஸின் யுரானா ஏரிப் பகுதியில் முதற்பரவலில் நோயுற்ற முயல்களுள் 99.8 விழுக்காடு மடிந்தன; அடுத்த பரவலில் அது ஏறத்தாழ 90 விழுக்காடாயிற்று. சில ஆண்டுகளிலேயே களத்தில் முதல் தர வகைகள் அருகி, மூன்றாம் தர வகைகள் மேலோங்கின. முதல் பத்தாண்டின் நடுப்பகுதியில் திரட்டப்பட்டவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை மூன்றாம் தரத்தைச் சார்ந்தவை.

வீரியம் குறைந்தது என்பதை மட்டும் நோக்கினால் பழைய கோட்பாடு வென்றதாகவே தோன்றும். ஆனால் அது எங்கு நின்றது என்பதே நோக்கத்தக்கது. மூன்றாம் தரமும் நூற்றுக்கு 70க்குக் குறையாமல் முயல்களைக் கொல்வது. அதனைத் தீங்கற்றது என எவ்வகையிலும் கூறவியலாது. ஐந்தாம் தர வகைகளும் தோன்றவே செய்தன, அவை மேலோங்கவில்லை.

இதற்கான காரணம் பரவும் முறையில் உள்ளது. கொசுவின் வாயுறுப்பில் தீநுண்மி ஒட்ட வேண்டுமாயின் தோற்கட்டியில் அது மிகுந்த செறிவில் இருத்தல் வேண்டும். முதல் தர வகை அச்செறிவை விரைவில் எய்துகின்றது. ஆனால் முயல் சில நாள்களில் இறந்துவிடுவதால் கொசு கடிக்கும் காலம் குறுகுகின்றது. ஐந்தாம் தர வகையில் முயல் பிழைக்கின்றது; ஆனால் கட்டியில் செறிவு குறைவு, அதுவும் விரைவில் ஆறிவிடுகின்றது. மூன்றாம் தர வகையிலோ முயல் பல வாரங்கள் நோயோடு உயிர்வாழ, கட்டியும் அதுவரை செறிவு குன்றாதிருக்கின்றது. ஆகவே மிகுதியாகப் பரவுவது இடைநிலை வீரியமே. ராய் ஆண்டர்சனும் ராபர்ட் மேயும் 1982இல் இத்தரவுகளைக் கணித முறையில் ஆராய்ந்து, கொல்லும் வேகமும் பரவும் அளவும் பிணைந்திருப்பின் இயற்கைத் தேர்வு இடைநிலை வீரியத்தை நாடக்கூடும் எனக் காட்டினர்.

முயலின் விடை

இரண்டாவது அளவுகோல் முயலின் மாற்றத்தை வெளிப்படுத்தியது. யுரானா ஏரிப் பகுதி இளமுயல்களுக்கு மூன்றாம் தர வகை ஒன்றைச் செலுத்தியபோது தொடக்கத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு மடிந்தன. ஏழு நோய்ப்பரவல்களுக்குப் பின் அதே தீநுண்மி அங்குப் பிறந்த முயல்களுள் ஏறத்தாழ 25 விழுக்காட்டையே கொன்றது. பத்தாண்டுக்கும் குறைந்த காலத்தில் நிகழ்ந்த மாற்றம் இது.

இந்த எதிர்ப்புத்திறன் எளிதில் வாய்த்ததன்று. எதிர்ப்பற்ற முயல்கள் ஆண்டுதோறும் பெருந்தொகையில் இறந்ததே அதன் விலை. இணக்கம் எனப் பழைய கோட்பாடு அழைத்தது உண்மையில் சாவின் வழி நிகழ்ந்த தேர்வே ஆகும்.

ஐரோப்பா: திட்டமிடாத மறுசோதனை

1952 ஜூன் மாதத்தில் பிரான்சு நாட்டு மருத்துவர் ஆர்மான்-டெலீல் தம் பண்ணையின் இரு முயல்களுக்குத் தீநுண்மியைச் செலுத்தினார். மதிலால் சூழப்பட்ட தம் நிலத்திற்குள் நோய் அடங்கும் என அவர் கருதினார். அது நாடு முழுவதும் பரவி, 1953இல் பிரிட்டனையும் அடைந்தது.

பிரிட்டனில் நோயைப் பரப்பியது பெரிதும் கொசு அன்று. முயலின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே. முயல் இறந்ததும் தெள்ளுப்பூச்சி வேறு முயலைத் தேடிச் செல்லும். ஆதலின் விரைந்து கொல்லும் வகைகளுக்கு அங்கு இழப்பு இல்லை என எதிர்பார்க்க இடமிருந்தது. ஆயினும் அங்கும் காலப்போக்கில் இடைநிலை வகைகளே பெருகின. வேறு கண்டம், வேறு மூலவகை, வேறு பரப்பி. ஆயினும் போக்கு ஒன்றே. ஒரு தற்செயல் நிகழ்வன்று என இதனால் அறியலாகின்றது.

பிற்கால மரபணு ஆய்வுகள் இதற்கு மேலும் விளக்கம் தந்தன. 1950களுக்கு முன் சேகரிக்கப்பட்டு அருங்காட்சியகங்களில் உள்ள முயல்களையும் இக்கால முயல்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2019இல் வெளிவந்தது. ஆஸ்திரேலியா, பிரிட்டன், பிரான்சு ஆகிய மூன்று நாடுகளிலும் பெரும்பாலும் அதே மரபணு வேறுபாடுகள் மிகுந்துள்ளன என அது காட்டியது. ஒரு பெருமரபணுவன்று, சிறுபயன் விளைக்கும் பல மரபணுக்கள் சேர்ந்தே எதிர்ப்பைத் தருகின்றன. தீநுண்மிப் பெருக்கத்தைத் தடுக்கும் இன்டர்ஃபெரான் என்னும் புரதத்தின் மரபணு அவற்றுள் ஒன்று. பொது மூதாதையரிடம் முன்பே இருந்த வேறுபாடுகளே மூன்று இடங்களிலும் தேர்வுக்கு உள்ளாயின. தீநுண்மியின் நிலை இதற்கு மாறானது. இரு கண்டங்களிலும் அதன் வீரியம் ஒத்த அளவில் குறைந்தாலும், அதற்குக் காரணமான மரபணு மாற்றங்கள் வெவ்வேறானவை என 2012இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

மீண்டும் உயர்ந்த வீரியம்

முயல் எதிர்ப்புப் பெற்றபின் கதை முடியவில்லை. எதிர்ப்புள்ள முயலில் மூன்றாம் தர வகை விரைவில் அடக்கப்படுகின்றது. கட்டி ஆறுவதால் பரவலும் குன்றுகின்றது. அந்நிலையில் சற்றுக் கூடுதல் வீரியமுடைய வகையே பயன்பெறும். பின்னாளில் ஆஸ்திரேலியக் களத்தில் திரட்டிய வகைகளுள் மிகு வீரியமுடையன பல காணப்பட்டமை இதனோடு பொருந்துகின்றது. 1990களின் வகைகளைப் பழைய ஆய்வக முயல்களில் செலுத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வு எதிர்பாராத விளைவைக் காட்டியது. அம்முயல்களுள் பல வழக்கமான கட்டிகளும் வீக்கமும் தோன்றாமலே, நோய்த்தடைக்காப்பு முற்றிலும் குலைந்து, அதிர்ச்சி நிலையில் திடீரென இறந்தன. காட்டு முயலின் எதிர்ப்பை முறியடிக்கத் தீநுண்மி வளர்த்துக்கொண்ட ஆற்றல், எதிர்ப்பற்ற முயலில் புதியதொரு கொடுநோயாக வெளிப்பட்டது.

இங்கே முதல் அளவுகோலின் அருமை புலனாகின்றது. காட்டில் மட்டும் நோக்குவோர்க்கு நோய் மிதமாகவே தோன்றும். அம்மிதம் தீநுண்மியின் மென்மையன்று, முயலின் வன்மை. இருவரும் ஓடிக்கொண்டே இருப்பதால் இடைவெளி மாறாதது போலத் தோன்றுகின்றது. இத்தகைய நிலையையே லீ வான் வேலன் 1973இல், லூயிஸ் கரோலின் கதையில் நின்ற இடத்திலேயே நிற்க ஓடிக்கொண்டிருக்க வேண்டும் எனக் கூறும் அரசியின் பெயரால், சிவப்பு அரசிக் கருதுகோள் என அழைத்தார்.

இக்கருத்துக்கு அதே முயலின் மற்றொரு நோயும் சான்றளிக்கின்றது. முயல் குருதிக்கசிவு நோய்த் தீநுண்மி 1995இல் தென் ஆஸ்திரேலியாவின் வார்டாங் தீவில் நடைபெற்ற சோதனையிலிருந்து தப்பித் தலைநிலத்தில் பரவியது. இது சில நாள்களிலேயே முயலைக் கொல்வது. இறந்த முயலின் உடலில் மொய்க்கும் ஈக்கள் இதனைப் பரப்ப வல்லவை. எனவே முயலின் சாவு இதன் பரவலுக்குத் தடையன்று. ஆஸ்திரேலியக் களவகைகளை ஒப்பிட்டு 2014இல் வெளியான ஆய்வு, இதன் வீரியம் குறையாமல் கூடியுள்ளது எனக் கண்டது. ஓம்புயிரி ஒன்றே, நிலம் ஒன்றே. பரவும் முறை வேறானதால் போக்கும் வேறாயிற்று.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. மிக்சோமா தீநுண்மியின் வீரியம் குறைந்தது உண்மை. அது தீங்கின்மை நோக்கிய பயணமன்று. பரவலுக்கு மிகவும் ஏற்ற நிலையே அதன் இலக்காயிற்று. முயலின் எதிர்ப்பு உயர்ந்தபோது அந்நிலையும் நகர்ந்து, வீரியம் மீண்டும் ஏறியது. மாறாத மூலவகையும் மாறாத ஆய்வக முயலும் இல்லாதிருப்பின் இவ்வுண்மைகள் வெளிப்பட்டிரா. நோய் மிதமாயிற்று என்னும் மேற்போக்கான முடிவே நிலைத்திருக்கும்.

புதிய நோய் ஒன்று தோன்றும்போதெல்லாம், அது தானே தணிந்துவிடும் என்னும் நம்பிக்கையும் உடன் எழுகின்றது. முயலின் வரலாறு அந்நம்பிக்கைக்கு உறுதி அளிக்கவில்லை. நோய் எவ்வழியில் பரவுகின்றது, சாவு அப்பரவலைத் தடுக்கின்றதா, நோயுற்ற இனம் எவ்விலை கொடுத்து எதிர்ப்பைப் பெறுகின்றது ஆகிய வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே அதன் போக்கைக் குறித்துக் கருத்துரைக்க இயலும். முயலை அளந்த ஃபென்னரே பின்னாளில் பெரியம்மை ஒழிப்பை உறுதிசெய்த உலக ஆணையத்துக்குத் தலைமை ஏற்றார். 1980இல் பெரியம்மை ஒழிந்தது என உலக நலவாழ்வுப் பேரவை அறிவித்தது. மனிதரோடு பல நூற்றாண்டுகள் உடனிருந்த அந்நோய் பழக்கத்தால் தணிந்து மறையவில்லை; தடுப்பூசியாலும் இடைவிடாத கண்காணிப்பாலுமே ஒழிக்கப்பட்டது.